ஆடிட் நாள் சாவி

இல்லீங்ணா, அந்தச் சேரு வேண்டாம், அது கால் ஆடும். இப்படி ஏசிக்கு நேரா உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. போனைக் கேட்லயே வாங்கிட்டானுங்களா? ஆமாங்க, அது எல்லாத்துக்கும் அப்படித்தான், உங்களுக்குன்னு இல்லீங்க. மொதலாளி சம்சாரம் வந்தாக்கூட போனைக் கூடைல போட்டுட்டுத்தான் உள்ள வரோணும். டோக்கனைக் குடுத்தாத் திருப்பிக் குடுத்துருவானுங்க. டீ சொல்லட்டுங்களா? வேண்டாமுங்களா. சரி, தண்ணியாச்சும் குடிங்க.

கதவா? அது தானாப் பூட்டிக்குமுங்க. மெசினுக்குக் குளிர்ச்சி போயிரக் கூடாதில்லீங்களா, அதுக்காவ அப்படி வெச்சிருக்குது. என்ற கார்டைக் காட்டுனாத் தொறக்கும். நீங்க எப்பக் கெளம்போணும்னாலும் சொல்லுங்க, நானே தொறந்து உடறேன்.

போன செவ்வாக்கெழமை நான் சொன்னது ஞாபகம் வெச்சு டாண்ணு மூணு மணிக்கு வந்துட்டீங்க பாருங்க. நம்ம ஊரு ஆளுகன்னா ரெண்டு போன் பண்ணி, மூணு நாள் தள்ளிப் போட்டுத்தான் வருவாங்க. பரமக்குடிலிருந்து நேர் பஸ்ஸுங்களா, மதுரை வந்து மாறுனீங்களா? அடடா. ஒக்காந்துட்டே வந்தா இடுப்புப் புடிச்சுக்குமே.

அதென்னங்க கையில? லெட்டருங்களா. குடுங்க பாக்கலாம். வக்கீலு நல்லாத்தான் எழுதியிருக்கறாரு. சோணைமுத்து ஆகிய நான் எழுதிக்கொள்வது... ம்... தங்கள் நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்து வந்த எனது மகள் வேல்விழி, வயது இருபது, கடந்த மாதம் பதினெட்டாம் தேதி மதியம் வேலை நேரத்தில் மூச்சுத்திணறல் ஏற்பட்டு இறந்துவிட்டபடியால்... ம். அன்றைய தினத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருந்து எனக்குக் காட்ட வேண்டுமாய். சரீங்க. இது ஒண்ணுதானுங்களா, காப்பி கீப்பி எடுத்து வெச்சிருக்கறீங்களா? வக்கீல் கிட்டயும் இல்லீங்களா? சரி, இது என்கிட்ட இருக்கட்டும். வாங்கிட்டம்னு கையெழுத்தா? அதுக்கு ஆபீஸ் சீலு வேணுமுங்ணா. சீலு ஹெச்ஆர் அம்மாகிட்ட, அவங்க இன்னிக்கு லீவு. அடுத்த தடவை போட்டுக்கலாம்.

உங்க வெசனம் எனக்குப் புரியாமயில்லீங்க. எனக்கும் ஒரு பொட்டப்புள்ளை இருக்குது, மூணாவது படிக்குது. நீங்க பணங்காசு கேட்டு வரல, யாரு மேலயும் கேஸ் போடோணும்னும் வரல. எம்புள்ளை எத்தனை நேரம் கெடந்துச்சு, யாராச்சும் பாத்தாங்களா இல்லியா, அத ஒண்ணு என்ற கண்ணால பாத்துட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன்னு சொன்னீங்க. போன வாரம் இதே எடத்துல உக்காந்துதான் சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க எனக்கு.

கம்பெனி சொன்னதுதானுங்க எனக்கும் தெரியும். ரெண்டே முக்காலுக்கு மயங்கி உழுந்துச்சு, ஒடனே வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, போற வழில முடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிலயும் வீசிங்னு எழுதிக் குடுத்துட்டாங்க. லைன் சூப்பர்வைசர் ஜெயசுதாவும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்குது.

யாரு சொன்னது? ரோஸ்மேரிங்களா? ஓ, பக்கத்து டேபிள்ல இருந்த தூத்துக்குடிக்காரப் புள்ளை. அது வேலைய உட்டு நின்னு பத்து நாளாச்சுங்களே. ஊருக்கே வந்து சொல்லுச்சுங்களா. பாவம், சிநேகிதம் அப்படி. நாப்பது நிமிசம்னா சொல்லுச்சு? நாப்பது நிமிசம் வேல்விழி படிக்கட்டுல உக்காந்திருந்துச்சுன்னு. ம். டேபிள் முக்குல இருந்து பாத்தா அந்தப் படி பாதிதானுங்க தெரியும். அதுவும் ஆடிட் நாளு, தலையைத் தூக்கிப் பாத்தா ஜெயசுதா திட்டும். சின்னப் புள்ளைக, நேரம் காலம் சரியாத் தெரியாது.

ஆமாங்க. அதே படிதான். இப்ப நீங்க ஏறி வந்தீங்கல்ல, அந்த இரும்புப் படிதான். மூணாவது படின்னு சொல்லிக்கறாங்க. ஏனுங்ணா, மொகமெல்லாம் வேர்த்துருச்சு. தண்ணி குடிங்க. இன்னொரு டம்ளர் குடிங்க.

வீடியோவுக்கு வர்றேன். இந்தா இந்தப் பொட்டி பாத்தீங்களா, கேமராவுல வர்றதெல்லாம் மொதல்ல இதுலதான் உழுகும். ஆனா பத்து நாளைக்குத்தான் நிக்கும். அப்புறம் பழசு மேலயே புதுசு எழுதிக்கும். நீங்க பதினாறு நாள் காரியம் முடிச்சுட்டு வந்தீங்க, அதுக்குள்ள இதுல போயிருச்சு. இன்னொரு காப்பி கிளவுடுல இருக்கும். கிளவுடுன்னா மேகமெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா, அடுத்தவன் கம்ப்யூட்டர்ல வாடகைக்கு எடம். அங்க நம்ம சாமான அப்படியே வெக்க மாட்டமுங்க, பூட்டித்தான் வெப்போம். பூட்டுன்னாலும் பீரோப் பூட்டு மாதிரி இல்ல. அரிசிய மாவாட்ட அரைச்சுப் போட்டுருமுங்க. சாவி வந்தாத்தான் அது மறுபடி அரிசியாகும். சாவி இல்லீன்னா எந்தக் கொம்பன் வந்தாலும் மாவு மாவுதான்.

அந்தச் சாவி இரும்பில்லீங்க, ஒரு நெம்பரு. அதை நம்ம கண்ணுல காட்டவே மாட்டான் கிளவுடுக்காரன், அவன்கிட்டயேதான் இருக்கும். நம்ம கூப்பிட்டா வந்து பூட்டும், தொறக்கும். அதைக் கூப்படறதுக்கே நம்மளுக்கு நீட்டமா ஒரு அடையாளம் குடுத்திருப்பான், முப்பது நாப்பது எழுத்து. அத யாரு ஞாபகம் வெக்கறது? அதுக்காவ ஒரு பேரு வெச்சுக்கலாம். அலியாஸ்னு சொல்லுவாங்க. போலீஸ் ஸ்டேசன் போர்டுல போட்டிருப்பான் பாருங்க, இன்னார் என்கிற இன்னார்னு, அதேதான். கேமரா புரோகிராம், வருகைப் பதிவு புரோகிராம், எல்லாத்துலயும் நான் அந்தப் பேர மட்டுந்தான் எழுதியிருக்கறேன். கம்பெனி ரெக்கார்டுன்னு ஒரு பேரு. அந்தப் பேரு எந்தச் சாவியக் கை காட்டுதோ அதுதான் பூட்டும். கை காட்டற எடத்த மாத்தறதுக்கு நான் ஒரே ஒரு வரி எழுதுனாப் போதும். பேரு அதேதான் இருக்கும், உள்ள ஆளு வேற. வெளிய இருந்து பாக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

திருப்பூர்ல இதெல்லாம் புதுசுங்களா என்ன. இங்க ஒரே போர்டுக்கு ரெண்டு கம்பெனி நடக்கும். எங்களையே எடுத்துக்கங்க. இந்தா நீங்க உக்காந்திருக்கறது ஒண்ணாம் நெம்பர் யூனிட்டு. டைல்ஸ் தரை, தீயணைக்கற குழாய், குழந்தைகளுக்குத் தொட்டில் ரூம்பு. வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுன்னு வந்தா இதத்தான் காட்டுவாங்க. பொங்கலூர் போற வழில ஒரு குடோன் இருக்குது, அங்க ஒரு போர்டும் கெடையாது. நெசமாலுமே பாதிச் சரக்கு ஓடறது அங்கதான். துணில ஒட்டற லேபிள் ரெண்டு எடத்துக்கும் ஒண்ணுதான். எல்லாரும் பண்றதுதானுங்க, எங்க மொதலாளி மட்டும்னு சொல்ல முடியாது.

அப்ப ரெக்கார்டும் ரெண்டு வேணுமில்லீங்களா. நெசமாலுமே எத்தனை மணி நேரம் வேலை செஞ்சாங்கங்கறது ஒண்ணு, காட்டறதுக்கு ஒண்ணு. நான் வர்றதுக்கு முன்னாடி ஆடிட்டுன்னா ரெண்டு நாளைக்கு நோட்டெல்லாம் மூட்டை கட்டிக் கார் டிக்கில வெச்சுட்டு ஊரு சுத்திட்டு இருந்தாங்க. நான் வந்துதான் அதையெல்லாம் ஒழுங்கு பண்ணுனேன். ரெண்டு சாவி போட்டேன். நெச ரெக்கார்டுக்குப் பெரியவன். ஆடிட் நாளுக்குச் சின்னவன். அப்படித்தான் பேரு சொல்லிக்குவேன் எனக்குள்ள. ஆடிட்காரன் கார்ல எறங்கறப்ப நான் ஒரு பட்டனைத் தட்டுனா, கம்பெனி ரெக்கார்டுங்கற பேரு பெரியவனை உட்டுட்டுச் சின்னவனைக் கை காட்டும். அவன் லேப்டாப்புல எதைத் தொறந்தாலும் சின்னவன் பூட்டுனதுதான் தொறக்கும். பெரியவன் பூட்டுனது இருக்கற எடமே தெரியாது. பொழுதோட அவன் கெளம்புனதும் மறுபடி ஒரு தட்டு, எல்லாம் பழையபடி.

அதோட உட்டனுங்களா? கேட் கார்டையும் அதே பட்டன்ல சேர்த்துட்டேன். ஆடிட் ஓடறப்ப குடோன் ஆளு யாராச்சும் தெரியாம இங்க வந்துட்டா வம்பு, இங்கிருக்கறவங்க யாராச்சும் வெளிய போயி வாயக் குடுத்துட்டாலும் வம்பு. அதுனால பட்டனைத் தட்டுன ஒடனே எல்லா ஒர்க்கர் கார்டும் செத்துப்போயிரும். உள்ள இருக்கறவங்க உள்ள, வெளிய இருக்கறவங்க வெளிய. புள்ளைக தங்கற ஹாஸ்டலு கேட்டுக்கு வெளிய பக்கத்துலயே இருந்தாலும் போக முடியாது. ஒரு பட்டன், ரெண்டு வேலை. எங்க எம்.டி லிங்கசாமி அண்ணன் என்ற முதுகுல தட்டிக் குடுத்தாருங்க. தரணி, நீ ஆளு கெட்டிக்காரன்டான்னாரு. பதினோரு வருசத்துல அந்த ஒருக்காத்தான்.

மத்தபடி நான் யாருங்க இங்க? பிரிண்டர் ஓடலியா, தரணி. நெட்டு வரலியா, தரணி. எம்.டி ஊட்டு டிவில சானல் தெரியலியா, தரணி, எந்திரிச்சு அவிநாசி ரோட்டுக்குப் போடா. இந்த மெசினுக்குள்ள நான் என்ன பண்ணி வெச்சிருக்கறேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பேரு தரணீதரன், சிஸ்டம்ஸ் மேனேஜர்னு கார்டு அடிச்சுக் குடுத்திருக்காங்க. அந்தக் கார்ட வாங்கறதுக்குக்கூட ஒரு ஆளில்ல. நீங்க ஒருத்தர்தானுங்க இத்தனை பொறுமையாக் கேக்கறீங்க.

கேளுங்க, கேளுங்க. ஆமா, கரெக்டாப் புடிச்சுட்டீங்க பாருங்க. படிக்காதவன்னு யாரு சொன்னது. பதினெட்டாந்தேதி ஆடிட் நாளு. அன்னிக்குக் காலைல ஒம்பதரைல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் கேமராவுல உழுந்தது பூராச் சின்னவன் பூட்டுனதுதான். அவன் வந்தாத்தான் தொறக்கும். பெரியவனை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அதத்தான் சொல்ல வர்றேன். அந்தச் சின்னவனைக் கூப்பிட்டா வர மாட்டேங்கறான். இந்தா, உங்க முன்னாடியே பண்ணிக் காட்டறேன். கேமரா பதினாலு, அந்தப் படியப் பாக்கறது, பதினெட்டாந்தேதி, ரெண்டு மணி. பைல் இருக்குது பாத்தீங்களா? இருக்குதில்லீங்களா? நான் பொய் சொல்லல. தட்டறேன். பாருங்க, செவப்பா வருதா. தொறக்க முடியாதுங்கறான். நான் என்ன பண்ணட்டும்? பெங்களூர்ல ஒரு ஆளுகிட்டச் சொல்லியிருக்கறேன். நாலு மணிக்கு மேல கூப்படறேன்னிருக்கறான். அதுவரைக்கும் சித்த இருங்க.

மணி மூணே முக்காலாச்சு. டீ சொல்லிரட்டுங்களா? வேண்டாமா. பிடிவாதக்காரரா இருக்கறீங்க.

உங்க அம்மிணி வேல்விழியும் அப்படித்தானாமா. வீசிங் இருக்கறது தெரிஞ்சும் பஞ்சு பறக்கற எடத்துல வேலைக்கு வந்துச்சு. அந்த மூச்சுக்கு அடிக்கற பம்ப்ப எப்பவும் இடுப்புலயே சொருகி வெச்சிருக்குமாமா. அன்னிக்குன்னு பாத்து ஆடிட்டு, கையில பையில ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுன்னு ஜெயசுதா எல்லாத்தையும் ஹாஸ்டல்ல வெச்சுட்டு வரச் சொல்லிருச்சு. டேபிள் மேல துணியத் தவிர ஒரு பொருள் இருக்கக் கூடாது, ஆடிட்காரன் மார்க் கொறைப்பான். அதுனால பம்ப்பு ஹாஸ்டல்ல. ஏங்க, உங்களுக்கு இது தெரியாதுங்களா? ரோஸ்மேரி சொல்லலீங்களா? அடக் கடவுளே. நான் சொல்லியிருக்கக் கூடாது. அழுகாதீங்க. அழுகாதீங்ணா. நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும்.

எனக்கெப்படித் தெரியும்னா, பேசிக்கறாங்கதானுங்களே. இத்தனை பேரு வேலை செய்யற எடம்.

எதைப் பாக்கறீங்க? அதுங்களா? ஓரத்துல ஓடற நெம்பருங்களா? அது ஒரு வேலை ஓடிட்டிருக்குதுங்க. இருபத்தி ரெண்டு நிமிசம்னு காட்டுது. போன செவ்வாக்கெழமை போட்டு உட்டது, இன்னிக்கு நாலு பன்னண்டுக்கு முடியும். உங்க வேலைக்கும் அதுக்கும்... இருங்க, சொல்றேன். அவசரப்படாதீங்க.

என்ற சம்சாரமும் இதேதான் கேக்கறா. எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க, ஒரு வாரமாத் தூங்கறதில்ல, சாப்புடறதில்ல, புள்ளை கூப்பிட்டாத் திரும்பறதில்ல, என்ன எளவு வேலை அதுன்னு. வேலைதான்டின்னேன். பேயறைஞ்சவனாட்ட இருக்கறீங்கன்னா. சாமி கும்புட்டுட்டு வரலாம்னு அவிநாசிக்குக் கூட்டிட்டுப் போனா. கோயில்ல உக்காந்தும் நான் இதைத்தான் பாத்துட்டிருந்தேன், போன்ல. ரெண்டு நாள் பதினாலு மணி நேரம், ரெண்டு நாள் பதிமூணு மணி நேரம், அப்படி ஓடிட்டே இருந்துச்சு.

இந்தச் சாவிக்கு ஒரு குணம் இருக்குதுங்ணா, எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கும். அதைக் கொல்லலாம். ஆனா ஒடனே கொல்ல உடமாட்டான். நீ ஒரு வரி எழுதி, இந்தச் சாவி வேண்டாம், அழிச்சுருன்னா, சரி, ஆனா ஏழு நாளு பொறுன்னுவான். அதுக்குக் கொறைச்சலா முடியவே முடியாது. அந்த ஏழு நாளு சாவி சாகவும் இல்ல, உசுரோடயும் இல்ல. கூப்பிட்டா வராது. ஆனா கேன்சல்னு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தட்டிட்டா எந்திரிச்சு உக்காந்துக்கும். மனுசன் கோவத்துல ஒண்ணு செய்வான், பயத்துல ஒண்ணு செய்வான், ஏழு நாளைக்குள்ள புத்தி வந்துரும்னு எவனோ யோசிச்சு வெச்சிருக்கறான் பாருங்க. நல்ல மனசுக்காரன்.

ஏழு நாளும் காலைல வந்து மொதல் வேலை, அந்தப் பட்டன் மேல மவுஸ் அம்பக் கொண்டுபோயி வெப்பேன். டக்குனு ஒரு தட்டு. அவ்வளவுதான். வெச்சுட்டே இருப்பேன். அதுக்குள்ள எவனாச்சும் பிரிண்டர்னு வந்துருவான்.

ஆமாங்க. சின்னவனைத்தான். வேற எதை?

உக்காருங்க. உக்காருங்ணா. நான்தான் எழுதுனேன். போன செவ்வாக்கெழமை நீங்க இந்த ரூம்ப உட்டு எந்திரிச்சுப் போனது நாலு மணி. படி எறங்கறப்ப அந்தக் கம்பியப் புடிச்சுட்டு சித்த நின்னீங்க. அதைக் கேமரா பதினாலுல பாத்துட்டிருந்தேன். நாலு பன்னண்டுக்கு எழுதுனேன். அதான் உங்களை இன்னிக்கு மூணு மணிக்கு வரச் சொன்னது. நீங்க வேற எங்கயாச்சும் போலீஸு, கோர்ட்டுன்னு போயி, அங்கிருந்து ஒருத்தன் இந்த ஏழு நாளைக்குள்ள வந்து நின்னுட்டான்னு வெய்யிங்க, கேன்சல் பண்ணுடான்னா நான் பண்ணித்தான ஆகோணும். செவ்வாக்கெழமை காட்டறம்னு சொன்னா நீங்க நம்பி ஊர்ல இருப்பீங்க. இருந்தீங்க.

சட்டையப் புடிச்சுக்கங்க, பரவால்ல. அடிச்சாலும் பரவால்ல. ஆனா கத்தறது வீணுங்க, ஏசி சத்தத்துல வெளிய கேக்காது. கேன்சல் பட்டனா? இன்னும் இருக்குதுங்க. ஒம்பது நிமிசம் இருக்குது. என்ற பேருல உள்ள போனாத்தான் தட்ட முடியும். கைய எடுங்க, கீ போர்டு ஒடைஞ்சா அந்த வேலை நிக்காது, அது இங்க ஓடல.

லிங்கசாமி அண்ணனா? நீங்களும் அப்படித்தான் நெனைச்சீங்களா. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க, மொதலாளி சொன்னான், இவன் செஞ்சான்னு. இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. அவருகிட்ட நீங்க வந்தத சொன்னப்ப, காட்டிருடா தரணி, பெத்தவன் கேக்கறான், நம்ம மேல என்ன தப்பு இருக்குதுன்னாரு. அவரு கேமராவைப் பாக்கவே இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஜெயசுதா எழுதிக் குடுத்தத நம்பிட்டாரு. சின்னவன் சாகப் போறாங்கறதே அவருக்குத் தெரியாது. ஆடிட் சாவியெல்லாம் வருசத்துக்கு ஒருக்கா மாத்தறதுதான், பழசைத் தூக்கிப் போட்டேன், அன்னிக்கு ரெக்கார்டும் போயிருச்சுண்ணான்னு சொன்னா, சரீன்னுருவாரு. பேரு இப்பப் பெரியவனைத்தான் காட்டுது. எல்லாம் ஓடுது. எதுவும் நிக்கல. யாரும் கேக்கப்போறதில்ல.

அந்த நெம்பர் ஓடி முடியறதத் தனியா உக்காந்து பாக்கத் தைரியமில்லீங்க எனக்கு. அதுக்கும்தான் உங்களை வரச் சொன்னேன். ஒருவேளை உங்க மொகத்தைப் பாத்தா எனக்குப் புத்தி வந்துரும்னு ஒரு நெனைப்பு. பட்டனைத் தட்டிருவேன்னு. மூணு மணில இருந்து பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன் உங்க மொகத்த. அந்தப் புள்ளைக்கு உங்க கண்ணுதான். அதுலயே எனக்குப் பயம் வந்துருச்சு.

கால்ல உழுகாதீங்க. நீங்க பெரியவங்க, எந்திரிங்க. எந்திரிங்கன்னு சொல்றனில்ல. எனக்குத் தெரியும் வெறும் பட்டன்தான்னு. கை வர மாட்டேங்குதுங்க. இந்தா பாருங்க, அம்பு அந்தப் பட்டன் மேலதான் நிக்குது.

ஆயிருச்சு.

ஆமாங்க, நாலு பன்னண்டு. இனி யாரு வந்தாலும், எந்தக் கோர்ட்டு எழுதிக் குடுத்தாலும், நானே நெனைச்சாலும் அந்த மாவு அரிசியாகாது. கேமரா பதினாலு, ரெண்டு மணி, அந்தப் பைல் அங்கயேதான் இருக்கும், எத்தனை வருசம் ஆனாலும். தொறக்காது.

இப்பச் சொல்லலாம். இப்பச் சொன்னா ஒண்ணுமில்ல. நீங்க வெளிய போயி நான் சொன்னேன்னு சொன்னீங்கன்னா, பெத்த வயித்தெரிச்சல்ல பேசறாருன்னு சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க. நான் அப்படிப்பட்டவன்தான்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

ரோஸ்மேரி சொன்னது சரிதானுங்க. நாப்பது நிமிசம். நாப்பத்தி மூணு, கணக்காச் சொன்னா. அஞ்சாவது தடவை பாக்கறப்ப நேரம் பாத்தேன்.

உங்க புள்ளை மொதல்ல இந்தக் கதவைத்தானுங்க தட்டுச்சு. ரெண்டு மணி, ஏழு நிமிசம். அண்ணா, என்ற கார்டு வேலை செய்யல, கேட்டை மட்டும் தொறந்து உடுங்க, ஹாஸ்டல்ல போயி பம்ப்ப எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்னுச்சு. மூச்சு வாங்கித்தான் பேசுச்சு. மொதலாளி ரூம்புல ஆடிட்காரங்க அப்பத்தான் வருகைப் பதிவைத் தொறந்து பாத்துட்டிருக்கறாங்க. கேட்டைத் தொறக்கோணும்னா நான் அந்தப் பட்டனைத் தட்டோணும். தட்டுனா பேரும் சேர்ந்து திரும்பிரும், அவங்க கண்ணு முன்னாடி பெரியவன் ரெக்கார்டு வந்து நிக்கும். ரெண்டையும் ஒண்ணா எழுதி வெச்சது நான். தனித்தனியா எழுதறதுக்குப் பத்து நிமிசம் ஆயிருக்கும், சோம்பேறித்தனம். ஒரு பட்டன்னா அழகா இருக்கும்னு நெனைச்சேன். ஆறு மணிக்கு ஆடிட் முடியும், அதுவரைக்கும் படில போயிக் காத்தாட உக்காரு கண்ணுன்னேன். சரீங்கண்ணான்னு போயி உக்காந்துச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலீங்க.

என்ற கார்டு மட்டும் அன்னிக்கும் வேலை செஞ்சுதுங்க. ஹாஸ்டல் நூறு அடி. நானே போயிக் கொண்டாந்திருக்கலாம்.

அதுக்குள்ள மேல மொதலாளி ரூம்புல இருந்து போன் வந்துருச்சு. ஆடிட்காரம்மாளுக்கு லேப்டாப் சார்ஜர் மறந்துபோச்சாமா, கீழ ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் டேபிள்ல ஒண்ணு கெடக்குது, சட்டுனு கொண்டா தரணின்னாங்க. எறங்கறப்ப ஒருக்கா அந்தப் புள்ளையத் தாண்டிப் போனேன். ஏறறப்ப ஒருக்காத் தாண்டுனேன். ரெண்டாவது தடவை என்ற பேண்ட்டைப் புடிச்சுதுங்க, பேச்சு வரல. கைய எடுத்து உட்டுட்டு மேல போனேன். சார்ஜருக்குக் காத்திட்டிருந்தாங்க.